ராத்திரியே முடிந்த காலை வேலை

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டுக் காலைப் பலகாரத்துக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் அப்பா. ஆபீசுக்கு நேரமாகிவிடும். பிறகு அண்ணன். அதன் பிறகு சடை பின்னி முடித்த கையோடு நானும் தங்கையும். பூஜையை முடித்துக்கொண்டு ஆச்சி வருவாள். அம்மா எல்லோருக்கும் பிறகு. தோசை போடும் நாட்களில் இந்த வரிசை இன்னும் கறாராக இருக்கும். கல்லிலிருந்து எடுத்த தோசை ஆறக்கூடாது; ஆகவே தட்டுக்கும் கல்லுக்கும் நடுவில் அம்மா நின்றுகொண்டே இருப்பாள். இட்லி என்றால் கொப்பரையில் ஒரே ஈட்டில் பதினாறு வெந்துவிடும்தான். ஆனாலும் துணியிலிருந்து பிரித்தெடுக்க வேண்டும், அடுத்த ஈடு ஊற்ற வேண்டும், சட்னியை நீட்டிக் கரைக்க வேண்டும். கடைசியில் அடுப்பை அணைத்துவிட்டு, சட்டியில் ஒட்டியிருக்கும் சட்னியை வழித்துக்கொண்டு, அடுப்பாங்கரையிலேயே நின்றபடி இரண்டு தோசையைத் தின்பாள். அதற்குள் பால்காரர் கூப்பிட்டுவிட்டால், கையில் இருப்பதோடு வாசலுக்குப் போவாள்.

இதை யாரும் குறையாக நினைத்ததில்லை, அம்மாவும் நினைத்ததில்லை. சுடச்சுடப் போட்டுக் கொடுப்பதில் அவளுக்கு ஒரு பெருமை இருந்தது. யாருக்கு முறுகல் வேண்டும், யாருக்கு நடுவில் மெத்தென்று வேண்டும் என்பது அவள் கைக்குத் தெரியும். ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். முந்தின நாள் சாயந்திரமே அரிசியும் உளுந்தும் ஆட்டி, உப்புப் போட்டுக் கரைத்து, பொங்கி வழியாமல் பெரிய பாத்திரத்தில் மாற்றி வைப்பவளும் அவள்தான். ராத்திரி அவ்வளவு வேலை செய்தும், காலை வேலையில் ஒரு துளிகூடக் குறையவில்லை. இரண்டு வேளை உழைப்பில் ஒரு வேளைப் பலகாரம். இதை நான் கணக்குப் போட்டுப் பார்த்தது மினசோட்டாவுக்கு வந்த பிறகுதான்.

கல்யாணமாகி நானும் இவரும் மினியாபொலிஸுக்குப் பக்கத்தில் குடியேறியபோது, சமையலறையில் அடுப்புக்குக் கீழே ஓவன் இருந்தது. அதற்கு என்ன வேலை என்று எங்களுக்குத் தெரியும். என்ன வேலை கொடுப்பது என்றுதான் தெரியவில்லை. இங்கே பல தமிழ் வீடுகளில் உள்ளதுபோல அது வாணலி, குக்கர், தோசைக்கல் அடுக்கும் அலமாரி ஆனது. பனிக்காலம் வந்ததும் அதற்கு இன்னொரு வேலை கிடைத்தது. வெளியே பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரி செல்சியஸ் என்றால் வீட்டுக்குள் இட்லி மாவு அசையாது. முதல் நாள் வைத்த மாவு வைத்தபடியே இருக்கும். ஓவனுக்குள் உள்ள விளக்கை மட்டும் போட்டு, மாவுப் பாத்திரத்தை அதில் வைத்து மூடிவிட்டால் காலையில் பொங்கியிருக்கும் என்று கோவிலில் பார்த்த ஒரு அக்கா சொன்னார். அது பழைய இழை பல்பு தரும் வெதுவெதுப்பு. இப்போது வரும் எல்இடி விளக்கால் அது ஆகாது. அப்படியாக, நெருப்பே மூட்டாத ஒரு ஓவன் எங்கள் வீட்டில் வருஷக்கணக்காக மாவு புளிக்க வைத்துக்கொண்டிருந்தது.

அதில் நெருப்பு மூட்ட வைத்தவர் பக்கத்து வீட்டு அம்மாள். நார்வேயிலிருந்து வந்து இங்கே நிலம் உழுத குடும்பத்தின் பேத்தி. லூதரன் தேவாலயத்தின் அடித்தளக் கூடத்தில் நூறு பேருக்குக் காப்பி போட்டுப் பழகிய கை. ஒரு கிறிஸ்துமஸ் காலையில், குளிரில் தனியாக உட்கார்ந்து என்ன செய்யப் போகிறீர்கள் என்று எங்களைத் தம் வீட்டுக்கு அழைத்தார். பிள்ளைகள், மருமக்கள், பேரன் பேத்திகள் என்று வீடு நிறைந்திருந்தது. பத்துப் பன்னிரண்டு பேருக்குக் காலைச் சாப்பாடு என்றால் அடுப்பாங்கரை என்ன பாடு படும் என்று எனக்குத் தெரியும். அவருக்கு ஒத்தாசை செய்யலாம் என்று நேராக உள்ளே போனேன். அங்கே யாரும் இல்லை. பாத்திரம் கழுவும் தொட்டி காலி. மேடை துடைத்துக் கிடந்தது. ஓவன் மட்டும் எரிந்துகொண்டிருந்தது. வெண்ணெயும் சீஸும் முட்டையும் சேர்ந்து வேகும் மணம் வந்தது.

அந்த அம்மாள் கூடத்தில், கிறிஸ்துமஸ் மரத்துக்குப் பக்கத்தில், வீட்டு அங்கியோடு உட்கார்ந்து பேத்தி பரிசுப் பொட்டலம் பிரிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஓவனின் மணி அடித்தபோது ஒரே ஒரு தடவை எழுந்தார். கண்ணாடித் தட்டைக் கொண்டுவந்து மேஜை நடுவில் வைத்து, சதுரம் சதுரமாக வெட்டினார். எல்லோரும் உட்கார்ந்தார்கள். அவரும் உட்கார்ந்தார். எப்போது செய்தீர்கள் என்று கேட்டேன். "நேற்று ராத்திரியே. காலையில் செய்தால் நான் எப்போது உட்காருவது?" என்றார்.

மினசோட்டாக்காரர்கள் இதை 'எக் பேக்' என்பார்கள். மற்ற ஊர்களில் காலை கேஸரோல் என்பதும், ரொட்டியை அடுக்கடுக்காக வைத்துச் செய்தால் 'ஸ்ட்ராட்டா' என்பதும் ஏறக்குறைய இதுதான். காய்ந்த ரொட்டி, முட்டை, பால், சீஸ்: இவ்வளவே அடிப்படை. அவர் வீட்டில் பன்றி இறைச்சிச் சாசேஜும் சேரும். எங்கள் வீட்டில் அது இல்லை.

நான் செய்யும் விதத்தைச் சொல்கிறேன். இங்கே எல்லா வீட்டிலும் உள்ள 13 அங்குல நீளம், 9 அங்குல அகலத் தட்டு ஒன்று. அதற்கு ஏறத்தாழ 450 கிராம் ரொட்டி, பத்து முட்டை, மூன்று கப் பால், இரண்டு கப் துருவிய செடார் சீஸ். பக்கத்து மாநிலமான விஸ்கான்சின் சீஸுக்குப் பேர்போனது. நல்ல செடாருக்கு இங்கே பஞ்சமில்லை. ரொட்டி புதிதாக இருக்கக் கூடாது. ஒரு நாளாவது ஆகியிருக்க வேண்டும். பழைய ரொட்டி என்பது இறுகிய ரொட்டி. அது பாலையும் முட்டையையும் உறிஞ்சிய பிறகும் தன் உருவத்தை விடாது. இன்று சுட்ட மெத்தென்ற ரொட்டியை ஊற வைத்தால் காலையில் கூழ்தான் இருக்கும். புது ரொட்டிதான் இருக்கிறது என்றால், துண்டு போட்டு, குறைந்த சூட்டில் கால் மணி நேரம் ஓவனில் உலர்த்திக்கொள்ளலாம்.

காய் போடுவதில் ஒரு கண்டிப்பு வேண்டும். காளான், கீரை, குடைமிளகாய், வெங்காயம் எதுவானாலும் முதலில் வாணலியில் வதக்கி, தண்ணீர் வற்றி, ஆறிய பிறகே தட்டுக்குப் போக வேண்டும். பச்சையாகப் போட்டால் அவை வேகும்போது விடும் தண்ணீர் முட்டைக்குள் தேங்கி நிற்கும். தக்காளியை நான் சேர்ப்பதே இல்லை. பக்கத்தில் சட்னியாக வைத்துக்கொள்வது எவ்வளவோ மேல். முட்டையும் பாலும் அடிக்கும்போது உப்பு, மிளகு, அதோடு ஒரு தேக்கரண்டி கடுகுப் பொடி. இது நான் கண்டுபிடித்துச் சேர்த்ததல்ல. அந்த அம்மாளின் குறிப்பிலேயே இருந்தது. இங்கே பல வீட்டுக் குறிப்புகளில் இருக்கிறது. கடுகின் காரம் சீஸின் சுவையைத் தூக்கிக் கொடுக்கும். கடுகு வெடிக்காமல் காலைப் பலகாரமே ஆகாத ஊரிலிருந்து வந்த எனக்கு, அதே கடுகு பொடியாகி, சத்தமில்லாமல் இந்தத் தட்டுக்குள் இருந்ததைப் பார்த்ததும் இது அந்நியச் சாப்பாடு என்ற எண்ணம் போய்விட்டது. நான் கூடுதலாகச் சேர்ப்பது பச்சை மிளகாயும் கறிவேப்பிலையும் மட்டும், அவற்றையும் வெங்காயத்தோடு வதக்கி. கரம் மசாலாவைக் கொட்டுகிறவர்களும் உண்டு. பாலும் முட்டையும் சேர்ந்து இறுகும் அந்த மென்மையான சுவை அதில் காணாமல் போகும் என்பது என் உறுதியான கருத்து.

எல்லாவற்றையும் தட்டில் பரப்பி, கரைசலை ஊற்றி, ரொட்டியைக் கரண்டியின் பின்புறத்தால் மெதுவாக அழுத்தி அழுத்தி முக்க வேண்டும். மேலே தெரியும் ஓரங்கள்கூட நனைந்திருக்க வேண்டும். மூடி பிரிட்ஜில் வைத்துவிட்டால் ராத்திரி வேலை முடிந்தது. மாவுக்கு ராத்திரி முழுக்க வெதுவெதுப்பு வேண்டும். இதற்கு ராத்திரி முழுக்கக் குளிர் வேண்டும். பச்சை முட்டையும் பாலும் இருப்பதால் 4 டிகிரி செல்சியஸுக்கு மேலே போகவே கூடாது. இட்லி மாவை வெளியே வைத்துப் பழகிய நம் வீடுகளில் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

காலையில் முதல் வேலை, தட்டை வெளியே எடுத்து அரை மணி நேரம் மேடையில் வைப்பது. தட்டு கண்ணாடி என்றால் இது கட்டாயம். குளிர்ந்த கண்ணாடியைச் சுடும் ஓவனுக்குள் நேராக வைத்தால் விரிந்துவிடும் ஆபத்து உண்டு. இந்த மாதிரிக் கண்ணாடித் தட்டு அடுப்பாங்கரைக்கு வந்த கதையும் ஒரு வீட்டுக்காரியின் கதைதான். நியூயார்க் மாநிலத்தில் கார்னிங் என்ற ஊரில் இருந்த கண்ணாடித் தொழிற்சாலை, சூடும் குளிரும் தாங்கும் கண்ணாடியை ரயில்வே விளக்குக்கும் மின்கல ஜாடிக்கும் செய்துவந்தது. 1913இல் அங்கே வேலை பார்த்த விஞ்ஞானி ஜெஸ்ஸி லிட்டில்டனின் மனைவி பெஸ்ஸி, தன் மண் பாத்திரம் விரிந்துவிட்டதால் அந்தக் கண்ணாடியில் ஏதாவது கொண்டுவரச் சொன்னார். ஜெஸ்ஸி ஜாடியின் அடிப்பாகத்தை அறுத்துக் கொண்டுவந்தார். பெஸ்ஸி அதில் கேக் சுட்டுக் கொடுத்தார். 1915இல் அது பைரெக்ஸ் என்ற பெயரில் கடைக்கு வந்தது. முதல் நாள் ராத்திரி கலந்து, குளிரில் வைத்து, காலையில் சுட்டு, அதே பாத்திரத்தோடு மேஜைக்குக் கொண்டுவருவது என்ற வசதிக்குப் பின்னால் ஒரு பெண்ணின் தேவை இருந்தது என்பது எனக்குப் பிடித்த விஷயம்.

ஓவன் 350 பாரன்ஹீட், அதாவது ஏறத்தாழ 175 செல்சியஸ். முதல் அரை மணி நேரம் அலுமினியத் தாளால் மூடி, பிறகு திறந்து இன்னும் இருபது இருபத்தைந்து நிமிஷம். மேலே பொன்னிறமாக உப்பி எழும்பும். நடுவில் கத்தியைக் குத்தினால் ஈரக் கரைசல் ஒட்டாமல் வர வேண்டும். வெப்பமானி இருந்தால் நடுப்பகுதி 71 டிகிரி செல்சியஸைத் தாண்டியிருக்க வேண்டும். முட்டைப் பலகாரத்துக்கு இங்கே சொல்லும் பாதுகாப்பான அளவு அது. ரொம்பவும் விட்டுவிட்டால் முட்டையின் புரதம் இறுகித் தண்ணீரைப் பிழிந்து வெளியே தள்ளும். எடுத்த பிறகு பத்து நிமிஷம் தொடாமல் விட வேண்டும். உப்பியது கொஞ்சம் அமுங்கும், அமுங்கட்டும். வெட்டினால் துண்டு துண்டாக நிற்கும்.

அப்பாவும் அம்மாவும் எங்களோடு இருக்க வந்தது ஒரு கோடையில். வந்த வாரத்தில் ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி மேடையில் நான் ரொட்டியைத் துண்டு போட்டுக்கொண்டிருந்ததை அம்மா பார்த்துப் பதறிவிட்டாள். "யாருக்குட்டி மேலுக்கு முடியல? இம்புட்டு ரொட்டி வாங்கி வச்சிருக்க?" எங்கள் ஊரில் ரொட்டி காய்ச்சல்காரர்களின் சாப்பாடு. ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போனால் கையில் ஒரு ரொட்டிப் பொட்டலமும் ஆரஞ்சும் கொண்டுபோவோம். பாலில் நனைத்த ரொட்டி என்றாலே அம்மாவுக்குக் கம்பளிப் போர்வையும் மாத்திரையும்தான் நினைவுக்கு வரும். நாளைக் காலைப் பலகாரம் இது என்றதும் அவள் முகம் தெளியவில்லை. "அப்பா திம்பாகளா?" என்றாள். பிறகு, படுக்கப் போகும் முன், "காலைல நான் எத்தன மணிக்கு எந்திரிக்கணும்?" என்று கேட்டாள். எப்போது தூக்கம் கலைகிறதோ அப்போது என்றேன்.

அவளுக்கு ஐந்து மணிக்கே கலைந்துவிட்டது. நான் கீழே வந்தபோது அடுப்புக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். தட்டை எடுத்து மேடையில் வைத்தேன். ஓவனை மூட்டினேன். "நான் என்ன செய்யட்டும்?" என்றாள். ஒண்ணும் செய்ய வேண்டாம்மா, காப்பி குடி என்றேன். தக்காளிச் சட்னி மட்டும் அரைத்தோம். அது அவள் பிடிவாதம், நல்ல பிடிவாதமும்கூட. சீஸின் கனத்துக்கு அந்தப் புளிப்பும் காரமும் சரியாகப் பொருந்துகின்றன.

ஒன்பது மணிக்கு எல்லோரும் உட்கார்ந்தோம். அப்பா, இவர், எங்கள் மகள், நான், அம்மா. அம்மா உட்கார்ந்தாள் என்று சொல்வதைவிட, நாற்காலி நுனியில் இருந்தாள் என்று சொல்வதுதான் சரி. இவருக்குத் தண்ணீர் இல்லை என்று எழுந்தாள். சட்னிக்குக் கரண்டி வேண்டும் என்று எழுந்தாள். அடுப்பு அணைந்திருக்கிறதா என்று பார்க்க எழுந்தாள். மேஜையில் எல்லாம் இருந்தது. அடுத்த ஈடு என்று ஒன்று இல்லை. இதைப் புரிந்துகொள்ள அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகுதான் தன் தட்டைப் பார்த்தாள்.

அம்மா ரொம்ப மெதுவாகச் சாப்பிடுவாள் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. சின்னச் சின்னத் துண்டாகப் பிட்டு, ஒவ்வொன்றையும் சட்னியில் தொட்டு, மென்று, நடுவில் ஜன்னலுக்கு வெளியே பார்த்து, பேத்தியோடு ரெண்டு வார்த்தை பேசி, மறுபடி ஒரு துண்டு. வீட்டில் நின்றபடி அவள் விழுங்கியதைத்தான் நாங்கள் பார்த்திருக்கிறோம். அவள் இயல்பே வேகம் என்று நினைத்திருந்தோம். அப்பாவுக்கும் அது தெரியாது. அவர் முடித்துவிட்டுக் கை கழுவ எழுந்தவர், அம்மாவின் தட்டில் பாதி மீதி இருப்பதைப் பார்த்து மறுபடி உட்கார்ந்துவிட்டார். அம்மா வழக்கம்போல் அவசர அவசரமாக வாய்க்குள் திணிக்கப் போனாள். "இரு இரு, மெள்ளச் சாப்பிடு. என்ன அவசரம்?" என்றார் அப்பா. தலை நரைத்த பிறகு, அண்ணனுக்குக் கல்யாணமாகிப் பேரனும் பிறந்த பிறகு, அவர் தன் மனைவி காலைப் பலகாரம் சாப்பிடுவதை முழுசாகப் பார்த்தது அந்தக் காலையில்தான். அவர் பாசமில்லாதவர் அல்ல. பார்க்க முடிகிற மாதிரி எங்கள் வீட்டுக் காலை அமையவில்லை, அவ்வளவுதான். அது அப்படி அமைந்திருந்ததை நாங்கள் யாரும் மாற்ற நினைக்காததுதான் எனக்கு இப்போதும் உறுத்துகிறது.

ருசி பற்றி அம்மாவின் தீர்ப்பு: "நல்லாத்தான் இருக்கு. ஆனா தெனமும் திங்க முடியாது." அது நியாயமான தீர்ப்பு. பத்து முட்டையும் இரண்டு கப் சீஸும் தினசரிச் சாப்பாடு ஆகாது. விருந்தாளி தங்கியிருக்கும் காலை, பண்டிகைக் காலை, எல்லோரும் ஒன்றாக இருக்கும் சனிக்கிழமை, இப்படித்தான் இங்கேயும் இது மேஜைக்கு வருகிறது.

அந்தக் கோடையிலேயே அவர்களை மிசிசிப்பி ஆற்றங்கரையில் உள்ள மில் சிட்டி அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போனோம். செயின்ட் அந்தோணி அருவியின் விசையில் ஓடிய கோதுமை ஆலைகளால்தான் மினியாபொலிஸ் 1880 முதல் ஐம்பது வருஷம் உலகத்தின் மாவு ஆலைத் தலைநகராக இருந்தது. அருங்காட்சியகம் இருப்பதே வாஷ்பர்ன் ஆலையின் இடிபாட்டுக்குள். 1878 மே 2 அன்று, காற்றில் மிதந்த மாவுத்தூள் பற்றிக்கொண்டு அந்த இடத்திலிருந்த முதல் ஆலை வெடித்தது. பதினெட்டுப் பேர் இறந்தார்கள். மாவு வெடிக்குமா என்று அப்பா அதையே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார். அம்மாவின் மனசில் நின்றது வேறு. 1921இல் அந்த ஆலைக் கம்பெனிக்கு, ஒரு விளம்பரப் போட்டியின் விடைகளோடு, சமையல் சந்தேகம் கேட்டுப் பெண்கள் ஆயிரக்கணக்கில் கடிதம் எழுதினார்கள். பதில் எழுத ஒரு பெண் பெயர் வேண்டும் என்று கம்பெனி உண்டாக்கிய பெயர்தான் பெட்டி க்ராக்கர். அப்படி ஒருத்தி இருந்ததே இல்லை. கையெழுத்துப் போட்டுப் பதில் எழுதியவர்கள் அங்கே வேலை பார்த்த பெண்கள். மகள் இதை மொழிபெயர்த்துச் சொன்னதும் அம்மா ரொம்ப நேரம் பேசவில்லை. காரில் வரும்போது, "கேக்கதுக்கு வீட்டுல ஒரு ஆளில்லாமத்தானே முன்னப்பின்ன தெரியாதவளுக்கு எழுதிருக்காளுவ. பாவம்" என்றாள். எனக்கு என் முதல் வருஷத்து மினசோட்டா நினைவுக்கு வந்தது. மாவு பொங்காத காலைகளில் அம்மாவுக்குப் போன் போட்டால் அங்கே ராத்திரியாகியிருக்கும். என்ன செய்ய என்று கேட்டால், குளிருக்கு அவளுக்கு மருந்து தெரியாது.

ஊருக்குத் திரும்பிய பிறகு அம்மா செய்த காரியத்தை மதினிதான் போனில் சொன்னாள். இப்போது அந்த வீட்டில் கல்லுக்கும் தட்டுக்கும் நடுவில் நிற்பவள் மதினி. அவளும் வேலைக்குப் போகிறவள். நாங்கள் வளர்ந்தபோது இருந்த அதே வரிசைதான், பெயர்கள் மட்டும் மாறியிருக்கின்றன. வந்த ஞாயிற்றுக்கிழமை அம்மா அண்ணனைக் கூப்பிட்டு, "அவளும் உக்காந்து திங்கட்டும்டா. தோச கொஞ்சம் ஆறினா என்ன, உனக்குத் தொண்டைல எறங்காதா?" என்று கேட்டாளாம். கேட்டதோடு நிற்காமல், எல்லாத் தோசையையும் வார்த்து ஹாட்பேக்கில் அடுக்கிவிட்டுத்தான் யாரும் உட்கார வேண்டும் என்று விதி போட்டாளாம். தோசை நமுத்துத்தான் போகிறது என்று அண்ணனுக்கு வருத்தம். முறுகல் தோசைக்காக ஏங்கும் அவன் நாக்கு எனக்கும் உண்டு. அவன் சொல்வது பொய்யில்லை. ஆனால் மதினி உட்கார்ந்து சாப்பிடுகிறாள்.

போன மாதம் அவள் என்னிடம் இந்த முட்டை ரொட்டியின் அளவுகளைக் கேட்டு எழுதிக்கொண்டாள். வீட்டில் ஓடிஜி என்ற சின்ன மின்சார ஓவன் வாங்கியிருக்கிறார்களாம். அதில் 13 அங்குலத் தட்டு நுழையாது. ஆகவே எல்லாவற்றிலும் பாதி: அரை ரொட்டி, ஐந்து முட்டை, ஒன்றரை கப் பால், கடையில் கிடைக்கும் க்யூப் சீஸைத் துருவி ஒரு கப். ஊர் ரொட்டியில் இனிப்பு கொஞ்சம் தூக்கல், அதனால் மிளகும் பச்சை மிளகாயும் கூடப் போடச் சொன்னேன். தட்டு அலுமினியம் என்பதால் விரியும் பயமில்லை. பாளையங்கோட்டை வெயிலில் அரை மணி நேரமெல்லாம் வெளியே வைக்க வேண்டாம், ஓடிஜி சூடாகும் நேரமே போதும் என்றும் சொன்னேன். ராத்திரி கரண்ட் போனால் பிரிட்ஜைத் திறக்காமல் வைக்கும்படி ஒரு எச்சரிக்கையும்.

முதல் தடவையே நன்றாக வந்திருக்கிறது. அப்பா இரண்டு துண்டு சாப்பிட்டாராம். இப்போது மதினி கேட்பது வேறு. புரட்டாசி வருகிறது, ஒரு மாதம் வீட்டில் முட்டை கிடையாது. "அத்த அந்த ஒரு மாசமும் நின்னுக்கிட்டுத் திங்கக் கூடாதுல்ல?" என்றாள். கடலை மாவைப் பாலில் தோசை மாவு பதத்துக்குக் கரைத்து, பெருங்காயமும் கடுகுப் பொடியும் போட்டு ரொட்டி மேலே ஊற்றிப் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறேன். கடலை மாவு வெந்தால் முட்டைபோல் இறுகும், ஆனால் இன்னும் கொஞ்சம் உப்பு கேட்கும். இந்தச் சனிக்கிழமை இங்கே நான் முதலில் செய்து பார்த்துவிட்டு அவளுக்கு அளவு சொல்ல வேண்டும்.